மாலை போடாத கார்த்திகை

21.10.2024, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் குடிமீட்பு மையத்தில் சேர்ந்துவிட்டேன். ராஜபாளையத்திலிருந்து என் பெண்டாட்டி பாண்டீஸ்வரிதான் பஸ்ஸில் கூட்டி வந்தாள். டாக்டரிடம் அவள் சொன்னாள்: “சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொட மாட்டாவ. மனசு வச்சா இருந்துருவாவ.” எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். கவுன்சலிங் மேடம் ஹெப்சிபா ஒன்றுதான் கேட்டார்: “மாலையைக் கழற்றுன அன்னைக்கு?”



23.10.2024

எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கிறது. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. மில்லில் மிஷினைக் கழற்றி மாட்டுகிற கை இது! சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன், நர்ஸைத் திட்டினேன், பொறவு அழுதேன். எதுக்கு அழுதேன்? தெரியல. “என்னைய விட்டுருங்க, செத்துருவேன்” — கத்தினது நான்தானா?

24.10.2024

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். யாரும் பிடிக்கவில்லை. நானேதான் திரும்பி வந்தேன்.

31.10.2024

தீபாவளி. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

3.11.2024

மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். “சாமி, சாமி” என்று தெருவே கூப்பிடும்போது குடிக்கத் துணிச்சல் வராது. ஆனால் மனது முழுக்கக் கழற்றும் நாளின் மேல்தான் இருக்கும். குருசாமி மாலையைக் கழற்றியதும் நேரே கடைதான். விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடுவேன்.

அதனால் இந்த வருஷம் மாலை வேண்டாம். கழற்றும் நாள் என்று ஒன்று இருக்கவே கூடாது.

மேடம் சொன்னது: “அது உங்க முடிவு. மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க.”

16.11.2024, கார்த்திகை ஒன்று

மையத்திலிருந்து வந்து நாலு நாள்தான், அதற்குள் வீட்டில் சண்டை. மச்சினன் காசிராஜன் கறுப்பு வேட்டியோடு வந்து கோயிலுக்குக் கூப்பிட்டான். பாண்டீஸ்வரி எனக்கும் துளசி மாலை வாங்கி வைத்திருந்தாள். நான் முடியாது என்றேன்.

“சாமிக்குப் பயந்தாச்சும் இருந்தீய. இனி யாருக்குப் பயப்படுவீய?”

சுருக்கென்றது. அவளுக்கு மாலை மேல் இருக்கிற நம்பிக்கை என் மேல் இல்லை. எப்படி இருக்கும்? இத்தனை வருஷமும் சாமி காவல் காத்தார், நான் சும்மா இருந்தேன். இந்தத் தடவை நான்தான் காக்கணும். காப்பேன்.

5.12.2024

மழை. ஷிப்ட் முடிந்து வரும்போது கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பியது. நெஞ்சைத் தடவினேன், மாலை இல்லை. தடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை. பயந்துபோனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, பொறவு இன்னொரு டீ, மழை விடும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டில் நுழைந்ததும் பாண்டீஸ்வரி கிட்டே வந்து வாடை பார்த்தாள். பார்க்கட்டும்.

17.1.2025

மலைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். காலையில் மாலையைக் கழற்றிவிட்டு, காசிராஜன் அரவணைப் பிரசாதத்தோடு வந்தான். “மச்சான், குடிக்க வேண்டாம். சும்மா கூட வந்து உக்காருங்க.”

“ஏலே, நான் வரல. நீ போ.”

அடுப்படியில் சத்தமே இல்லை. வருஷா வருஷம் இந்த நாளில், நான் வீடு திரும்புவதற்கு முன்பே, பாண்டீஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு மகாராஜபுரத்திலுள்ள அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு வாரம் கழித்துத்தான் வருவாள். இன்றைக்கும் பஸ் நேரம் தாண்டவில்லை. வாசலில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செத்த நேரம் கழித்து உள்ளே போனேன். கிரைண்டரில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

“நாளைக்கு இட்லி ஊத்தவா, தோசை சுடவா?”