எங்கள் வாசல் மட்டும் இருட்டு

டிசம்பர் 13, வெள்ளி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கிறிஸ்மஸ் வயரை எடுத்துப் பார்த்தேன், பாதி பல்பு செத்துவிட்டது. வாங்க வேண்டியவை: பல்பு, டேப், கேக்குக்கு மாஜரின், பிளம்ஸ்.

எதிர் வீட்டு ஸ்டெல்லாவுக்கு இத்தாலியிலிருந்து தம்பி லைட் அனுப்பியிருக்கிறான். கூப்பிட்டுக் காட்டினாள். ஆள் உயர நட்சத்திரம். ஐஸ் சொட்டுகிற மாதிரி சரம்.

"எப்படிக்கா இருக்கு?"

"ம், நல்லாத்தான் இருக்கு." அதைச் சொல்வதற்குள் வாய் வலித்தது.

டிசம்பர் 15, ஞாயிறு
பூசை முடிந்து தெருக் கூட்டம். வருடா வருடம் ஃபாதர் எங்கள் வீட்டுச் சுவிட்சைத்தான் முதலில் போடுவார், அப்புறம்தான் மற்ற வீடுகள். இந்த முறை ஸ்டெல்லா வீடாம்.

"ஒரு மாத்தம் வேணுமில்லையா, ரீட்டா?" என்றார் ஃபாதர். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும்!

நேற்று வந்தவள். பதுளையில் எந்தக் கடையில் பல்பு மலிவு என்று காட்டிக் கொடுத்ததே நான்.

டிசம்பர் 16
முடிவு: இந்த வருடம் லைட் இல்லை. இவர், "சின்னப்புள்ள மாதிரி பண்ணாத" என்கிறார். பருப்பில் உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 18
லைட் போடும் நாள். மழை விட்டுவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜெபம், கைதட்டல். ஸ்டெல்லா வீடு வெள்ளையாக எரிந்தது. அழகு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கேட் சத்தம். ஸ்டெல்லா, கண்ணெல்லாம் தண்ணீர். பின்னால் சீனி, பிஸ்கட்டோடு தெருச்சனம்.

"அக்கா, நமுனுகுல தோட்டத்துல இருக்கற உங்க அம்மாவுக்கு என்னாச்சு? ஒரு வார்த்த சொல்லலியே!"

முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருடம் லைட் போடமாட்டார்கள். சீனி, பிஸ்கட்டும் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதுதான். எதிரே பார்த்தேன். அவள் வீடும் இப்போது இருட்டு.

"நீங்க துக்கத்துல இருக்கறப்ப நாங்க எப்படிக்கா போடறது?"

"ஐயோ, அம்மா நல்லா இருக்காங்க. வயர் எரிஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

பொய். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதானா? பயந்தே போயிட்டேன்!" என்று ஓடினாள். புருஷனோடு திரும்பி வந்து, அந்தப் பெரிய நட்சத்திரத்தை எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நானும் பெரிதாகத் தடுக்கவில்லை.

டிசம்பர் 19
காலையில் அம்மா ஃபோன். "நான் செத்துட்டேன்னு டவுன்ல பேசிக்கிறாங்களாமே? யாரெல்லாம் அழுதாங்க?" ஒரே சிரிப்பு. ஸ்டெல்லா அழுதாள் என்றேன். "நீ?" என்றாள் அம்மா.

டிசம்பர் 22
பூசைக்குப் போகும்போது பின்னால் அடுத்த தெரு ஆள் யாரோ: "இந்த வருஷமும் ரீட்டா வீடுதான் எடுப்பு." நட்சத்திரம் யாருடையது என்று நான் சொல்லியிருக்கலாம். வேகமாக நடந்துவிட்டேன்.

டிசம்பர் 25
வெயில். ஸ்டெல்லா கேக்கோடு வந்தாள். இன்று கேட்டேவிட்டேன். "நட்சத்திரம் ஒன்னோடதுன்னு எல்லார்ட்டயும் சொல்லேன்டி."

"எதுக்குக்கா? யாரு கேட்டுல தொங்குனா என்ன, தெருவுக்குத்தானே வெளிச்சம்."

நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். எனக்கு அது வராது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. கேக் வேறு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.