ஜீப்புக்கு ரப்பர் மாற்றியது

பாப்பாரப்பட்டி,
1948, மாசி மாதம்.

அன்புள்ள முனியம்மாளுக்குப் பச்சியப்பன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும். இதை உன் அண்ணன் கோவிந்தன் மச்சான்தான் படித்துக் காட்டுவார். ஆகையால் அவர் படிக்கத்தக்கதை மட்டும் எழுதுகிறேன்.

நீ காரிமங்கலம் போன பிறகு இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. கொள்ளு அறுத்தாகிவிட்டது. அம்மா ஒரு வேளைதான் உலை வைக்கிறாள். முதலாளி புளி கொள்முதல் தொடங்கிவிட்டார்.

ஜீப்பைப் பற்றி எழுத வேண்டும். அது பட்டாளத்து ஏலத்தில் முதலாளி எடுத்த வண்டி என்று உனக்குத் தெரியும். அதன் மேல்கூடு அடிச்சட்டத்தின்மேல் நேராக உட்காராது. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் புஷ் என்று ஒரு ரப்பர் வில்லை இருக்கும். பாதையின் அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும். நம் வண்டியில் அந்த ரப்பரெல்லாம் நசுங்கிப் பொடிந்து, இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது. உன்னைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று வழியெல்லாம் கேட்ட சத்தம் அதுதான்.

கொடி கழுத்தில் சுற்றிக் குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது, வண்டி ஆடியதால் வந்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நீயும் கேட்டாய். நானும் கேட்டேன். அவர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. இருந்தாலும் ரப்பரை மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

ஓடுற வண்டியை எதுக்குடா பிரிக்கிறே, புளி வர்ற நேரம் என்றார் முதலாளி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி செஞ்சுக்கோ என்றார்.

புது புஷ் சேலத்திலும் கிடைக்கவில்லை. பழைய லாரி டயரில் வெட்டிக்கலாங்க என்றான் இரும்புப் பட்டறை மாதையன். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினோம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தோம். அப்படியும் பின்பக்கத்தில் ஒன்று முறிந்தது, ரம்பம் போட்டு எடுத்தோம். மேல்கூட்டை ஒரு பக்கம் மரத்தால் நெம்பி, முட்டுக் கொடுத்து, ரப்பரைச் செருகிவிட்டு மறுபக்கம் போனோம். கடைசியில் மாதையன் என் கையைப் பிடித்து, போதுங்க, இன்னும் முடுக்கினா ரப்பர் செத்துடும் என்றான். நான் முடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் வத்தல்மலை அடிவாரத்துக்குப் புளி ஏற்றப் போனேன். மலையிலிருந்து காளியப்பன் என்பவன் தன் பெண்சாதி கருப்பியைத் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தான். வலி எடுத்து வெகு நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலே கொண்டு போய் வுட்டுடுங்க ஐயா என்றான். முடியாது, வேறு வண்டி பார் என்றேன். அங்கே வேறு வண்டி ஏது. அந்தப் பெண் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றினேன்.

ஒவ்வொரு பள்ளத்திலும் கூடு மோதுகிறதா என்று காது கொடுத்தபடியே ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். காளியப்பன் குழந்தையைத் துணியில் சுற்றி வாசல்வரை எடுத்து வந்து, வாங்கிப் பாருங்க ஐயா என்று நீட்டினான். கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லிவிட்டேன். காலையிலேயே கழுவின கைதான்.

முனியம்மா, நம் பிள்ளையை அன்றைக்கு உன் அண்ணன்தான் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன். அது ஆணா பெண்ணா என்று இதுவரை யாரையும் நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

வரும் சந்தை நாளில் அங்கே வருகிறேன். வூட்டுக்கு வா என்று வற்புறுத்த மாட்டேன். உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வா. நம் பிள்ளை ஆணா பெண்ணா, அதை மட்டும் நீ எனக்குச் சொல்ல வேண்டும். மச்சான் எழுத வேண்டாம், அத்தையும் சொல்ல வேண்டாம். உன் வாயால் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பச்சியப்பன்