உன் ஊரை நான் தனியாகச் சுற்றிப் பார்த்த நாள்

அலைக்குப் பயப்படாத என் அருமை அண்ணனுக்கு,

ஒருவழியாக உன் பழவேற்காட்டைப் பார்த்துவிட்டேன். "ஒரு நாள் வாடா, ஊரைச் சுத்திக் காட்டுறேன்"னு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவாய். முகத்துவாரத்தில் உன் படகு கவிழ்ந்து கடல் உன்னைக் கொண்டுபோன பிறகு, காட்ட ஆளில்லாமல் நானே போனேன். நடவு முடிந்த மறுநாள், பொன்னேரிப் பக்கத்து நம் வீட்டிலிருந்து விடியலில் நடக்கத் தொடங்கினேன்.

முதலில், துணி வாங்கக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார ஒல்லாந்தர் கோட்டை. சுற்றிலும் அகழி, மேலே பீரங்கி, வாசலில் வெந்த இறால் போலச் சிவந்த ஒரு சிப்பாய். அவன் கொட்டாவி விட்டான், எனக்கும் வந்தது. கடைத்தெருவில் பூப்போட்ட துணிகளைப் பொதி பொதியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடங்கைத் தாண்டும்போது கிராம்பு வாசனை. நீ வரும்போது உன் வேட்டியில் வருமே, அதே வாசனை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கடற்கரைக்குப் போனேன். கப்பல்கள் தூரத்தில் நிற்க, படகுகள் பொதிகளோடு அலைமேல் ஏறி இறங்கின. இந்த வேலையைத்தானே நீ செய்தாய்? கரையில் நின்ற நானே இரண்டடி பின்வாங்கினேன். உனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லையா?

ஒல்லாந்தர் இடுகாட்டு வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்குச் செத்தவனே காவலா என்று நினைத்து, சத்தமாகச் சிரித்துவிட்டேன். நண்டுக்கூடையோடு போன ஒரு பெண் சட்டென்று நின்றாள். இடுப்பில் குழந்தை.

"இன்னாய்யா, இங்க நின்னு சிரிக்கிற? எந்த ஊரு?"

சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மாணிக்கம் தம்பியா? அவரும் இப்டித்தான் மூக்கால சிரிப்பாரு."

"அண்ணனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிக்கினவளுக்குத் தெரியாதா?"

அண்ணா! கல்யாணம் செய்து, ஒரு மகளையும் பெற்று, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஏரியில் கையால் துழாவி நண்டு பிடிக்கிற வீட்டுப் பெண் என்று நைனா கத்துவார் என்றா?

குடிசைக்குக் கூட்டிப் போய் எனக்குச் சோறு போட்டாள். "அவரு போனப்புறம் உங்க ஊர்லேர்ந்து யாராச்சும் வருவாங்கனு பாத்துக்கினே இருந்தேன். அப்புறந்தான் புரிஞ்சுது, நான் இருக்கிறதே உங்களுக்குத் தெரியாதுனு." அவள் அழவில்லை. நான்தான் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"பாப்பா பேரு இன்னா?" என்று பேச்சை மாற்றினேன்.

"பூங்காவனம். உங்கம்மா பேராமே. அவருதான் வெச்சாரு."

"ஊருக்கு வாங்க, அண்ணி."

"வாசல்ல நிக்க வெச்சு பேசுவாங்க. நான் வரல. பாக்கணும்னா அவங்க வரட்டும்."

வந்து வீட்டில் சொன்னேன். நைனா கத்தினார். உன்னைத் திட்டினார், என்னைத் திட்டினார், கடலைத் திட்டினார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கொழந்த நடக்குதாடா?" எழுந்து போய், நல்ல புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். நைனா அதைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாளைக்கு வண்டி கட்டுகிறேன், அண்ணா. அம்மாவை நானே கைப்பிடித்துக் கூட்டிப் போகிறேன். நைனா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அண்ணியின் குடிசை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று நாங்கள் கேட்போம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பூங்காவனத்தின் சித்தப்பா,
உன் தம்பி முருகேசன்