இரண்டு பக்கமும் தலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், வீடு திரும்பிக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர் நலம் என்றால் நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று ஒரே ராகத்தில் சொல்லிவிட்டு அங்கே குளிர், இங்கே வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா உன்னை. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா என்ற சொல் வந்த உடனே ஒன்று நான் அழுகிறேன், இல்லாவிட்டால் உன்னை வார்டில் யாரோ கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதம் என்றால் நீ பாதியில் மடித்து வைத்தாலும் மிச்சம் அப்படியே இருக்கும், மனசு வரும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். சித்தி வாரம் தவறாமல் வந்து, வீட்டைப் பூட்டிக்கிட்டு என்கூட வந்துடுக்கா, தனியாக் கிடந்து என்ன பண்றே என்று நச்சரிக்கிறாள். அவள் வீட்டு டிவி சத்தத்துக்குப் பயந்தே நான் போகவில்லை. கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது, ஆனால் வீட்டில் எவ்வளவு ஒட்டடை என்பதும் தெரிகிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ சொன்ன பயிற்சியைச் செய்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ கேட்ட அந்தக் குழாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதைத் திறக்க விடாதேம்மா, அப்பா கை கடைசியாப் பட்டது அது ஒண்ணுதான், நான் வந்து பார்க்கற வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். உங்கப்பா கடைசியாகக் கடலில் முங்கி, அடியில் இருக்கிற புல் மேட்டில் அடித்து இறக்கி, சேற்றோடு எடுத்து வந்த குழாய் அது. அவர் போன பிறகு அதைத் திறக்க எங்கள் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. குளிர் அறையின் கடைசித் தட்டில் கிடந்தது. நான் தினமும் சேற்றுத் தட்டுகளை எடுக்கப் போகும்போது அதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது துறைமுகத்துக்காரர்கள் பெரிய கப்பல் வருவதற்குப் பாதையை ஆழப்படுத்தப் போகிறார்கள். அவர்கள் போட்ட கோடு நேராகக் கிழக்குப் புல் மேட்டின் மேலேதான் போகிறது. அங்கே தோண்டினால் என்ன போகும் என்று எங்கள் நிலையம் கணக்குக் கொடுக்க வேண்டும். நீ சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதைதான் இது. யாராவது கடல்புல்லைப் பாசி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் உங்கப்பாவுக்கு எப்படிக் கோபம் வரும், பாசிக்கு ஏதுய்யா வேரு, இது பூக்கும், காய்க்கும், மண்ணுக்குள்ள வேர் விடும், இது புல்லுய்யா புல்லு என்று கல்யாண வீட்டில்கூடப் பிடித்துக்கொள்வாரே. நாம் விடுகிற புகை காற்றிலிருந்து கடல் தண்ணீருக்குள் இறங்குகிறது, அந்தக் கரியைப் புல் இழுத்துத் தன் இலையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. இலைகள் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதால் மிதந்து வருகிற தூசு தும்பெல்லாம் அங்கேயே படிகிறது. பழைய வேரும் உதிர்ந்த இலையும் அந்தச் சேற்றுக்குள் போய்விடும். அங்கே காற்றுப் புகாது, காற்று இல்லாவிட்டால் எளிதில் அழுகாது, யாரும் கை வைக்காத வரை தலைமுறை தலைமுறையாக உள்ளேயே கிடக்கும். கிளறிவிட்டால் போயிற்று, அத்தனை காலம் சேர்த்ததில் பாதிக்குப் பாதிகூட மறுபடி புகையாகக் கிளம்பிவிடலாம் என்கிறார்கள். கிழக்குப் பக்கம் கொஞ்ச ஆழத்தில் ஒரு கிளிஞ்சல் அடுக்கு இருக்கிறது, மற்றவர்கள் இறக்கிய குழாயெல்லாம் அதில் முட்டி நின்றுவிட்டது. உங்கப்பாதான் பிடிவாதமாக அடித்து அதைத் தாண்டி இறக்கியிருந்தார். இனிமேல் புதிதாக எடுக்கவும் வழியில்லை, மிதவை கட்டிப் படகு போகாமல் தடுத்துவிட்டார்கள்.

மேடம் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். புதிதாக வந்த விஞ்ஞானி என்று சொன்னேனே, உன்னைவிடச் சின்னப் பெண். அம்மா, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வேற வழி பார்க்கறேன், அது இல்லாம கிழக்குப் பக்கத்துக் கணக்கு அரைகுறையாத்தான் போகும், அதையும் மறைக்காம சொல்லிடறேன் என்றாள். அதிகாரமாகக் கேட்டிருந்தால் நானும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது, சொல். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ டூட்டியில் இருந்தாய். பிறகு கூப்பிட்டபோது உன் குரல் களைத்திருந்தது, வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். உங்கப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். சேத்தைக் குளிர்ப்பெட்டியில வச்சுக் கும்பிடறதுக்கா நான் மூச்சடக்கி முங்கினேன் என்று கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் மேடத்திடம் போய், அறுக்கறதுன்னா நான்தான் அறுப்பேன், வேற யார் கையும் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான்.

குழாயை எடுத்து வந்து மேஜையில் கிடத்தினேன். மேலே பனி படிந்திருந்தது, துணியால் துடைத்தேன். உங்கப்பா மேல், கீழ் என்று எழுதவே மாட்டார், உனக்குத் தெரியும். சேற்றிலிருந்து குழாயை உருவினதும் மேல் முனையில் தலை என்றும் அடி முனையில் கால் என்றும் மை பேனாவால் எழுதுவார். ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள், இன்றைக்கு அந்த அறையில் மேடம் உட்பட எல்லாரும் தலை, கால் என்றுதான் பேசுகிறார்கள். எது புதுச் சேறு, எது பழைய சேறு என்று தெரிய அந்த எழுத்துதான் ஆதாரம், அதனால் படகில் யாராவது மாற்றி எழுதிவிட்டால் அவர் ஆடுகிற ஆட்டம் கொஞ்சமா நஞ்சமா. ஒரு முனையைத் துடைத்தேன், தலை என்று இருந்தது, நேராக, அழுத்தமாக, அவர் கையெழுத்து. பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது, சமாளித்துக்கொண்டேன். மறு முனையைத் துடைத்தேன். அங்கேயும் தலை என்று இருந்தது. அதே முனையைத்தான் திருப்பித் திருப்பித் துடைக்கிறேனோ என்று மறுபடி பார்த்தேன். இல்லையம்மா, இரண்டு பக்கமும் தலை. மறு முனையில் எழுதியிருந்தது மட்டும் சரிந்து, கடைசிச் சுழி கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. மேடம் பார்த்துவிட்டு, அவசரத்துல யாருக்கும் வரும்மா என்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கு என்ன தெரியும் அவரைப் பற்றி. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்னிக்குக் காலையில பேச்சு சரியா இருந்துச்சா, கை கால் ஒரு பக்கமா இழுத்துச்சா, எதையாவது கீழ போட்டாரா என்று நீ எத்தனை தடவை கேட்டாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன், அது உண்மைதான். கரைக்கு வந்து படகைக் கழுவும்போது ஒரே நொடியில் விழுந்தார், கஷ்டப்படவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் தூங்கினேன். அப்படி இல்லை கண்ணு. அந்த முனையில் எழுதியதற்கும் இந்த முனையில் எழுதியதற்கும் நடுவிலேயே, நடுக்கடலில் வைத்தே, அவருக்குத் தலைக்குள் ஏதோ ஆகிவிட்டது. படகு ஓட்டுகிற ஊமையனை உனக்கு நினைவிருக்கும், வாய் ஓயாமல் பேசியே ஊமையன் என்று பெயர் வாங்கினவன். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்த்தான். அப்புறம், அன்னிக்கு மூடியை என் கையில குடுக்காம அவரே போட்டாருக்கா, ரெண்டு தடவை கை நழுவுச்சு, ஈரம்னு நெனச்சேன், இன்ஜின் சத்தத்துல நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. தனக்கு என்னவோ ஆகிறது என்று தெரிந்தும், யாரையும் பயமுறுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தாரா, தெரியாமலேதான் அப்படி எழுதினாரா, அது ஒன்றுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இதே பக்கவாதத்தோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற உனக்கு இதை எழுதலாமா, மறைக்கலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நான் அங்கே இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன் என்று நீ சொல்லிச் சொல்லி உன்னையே தின்றுகொண்டிருக்கிறாயே, அதனால்தான் எழுதுகிறேன். நீ இங்கே இருந்திருந்தாலும் கரையில்தானே இருந்திருப்பாய். அவர் கடலில் இருந்தார்.

அப்புறம் அறுத்தோம். மூடியைத் திறந்ததும் நேராக எழுதியிருந்த பக்கத்தில் வேர் தெரிந்தது, அதுதான் நிஜமான தலை. குழாயை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தபோது அவர் எழுத்தும் இரண்டாகப் போயிற்று. மேலே பழுப்புச் சேறு, நூல் நூலாக வேர். கொஞ்சம் கீழே கறுப்பாக, அழுகின முட்டை நாற்றம். அதற்கும் கீழே, கிளிஞ்சலைத் தாண்டி, நார் நாராகப் பழைய புல், நம் கொள்ளுப்பாட்டன்களுக்கும் முந்தியதாக இருக்கும் என்றாள் மேடம், விரலால் பிரித்தால் பிரிந்து வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. வில்லை வில்லையாக வெட்டி, அடுப்பில் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, எடை போட்டுப் பீங்கான் கிண்ணத்தில் வைத்தேன். இனி உலையில் வைத்து எரிக்க வேண்டும், எரித்த பிறகு மறுபடி எடை போட வேண்டும், குறைகிற எடையை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு கரி இருந்தது என்று கணக்குப் போடுவார்கள். எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை, அன்றைக்குத்தான் உறைத்தது, ஒன்று எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொள்ள அதை இல்லாமல் ஆக்க வேண்டியிருக்கிறதே, என்ன பாழாய்ப் போன வேலை இது. உலைக் கதவைச் சாத்தியதும் வாய்விட்டு அழுதேன். மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் மட்டும் கூட நின்றாள். எடுத்துப் பார்த்தபோது செங்கல் பொடி மாதிரி கொஞ்சம் இருந்தது, வாசனைகூட இல்லை.

கணக்கு எல்லாரும் நினைத்ததைவிட நிறைய வந்தது. துறைமுகத்துக்காரர்கள் கூட்டத்தில் மேடம் நிதானமாக எடுத்துச் சொன்னாள். வந்திருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் ஒரு பாசிக்கு இவ்வளவு பேச்சா என்றார், ஊமையன் பின்னாலிருந்து எழுந்து நின்று அது புல்லுய்யா என்று கத்தினான். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பார்களோ, தோண்டிவிட்டுப் பார்ப்பார்களோ, எனக்கு நம்பிக்கை பாதிதான். பாழாய்ப் போன மனசு கேட்கிறது, புல் மேடும் போய்விட்டால் உங்கப்பா எடுத்த சேற்றை எரித்ததற்கு என்ன அர்த்தம் என்று.

உனக்கென்று ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்கவில்லை, ஒரு வில்லை குறைந்தாலும் கணக்கு பிசகும் என்றார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் காப்பாற்றவில்லை. உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபத்தைப் போனை எடுக்காமல் இருந்து காட்டாதே, அதை என்னால் தாங்க முடியாது. லீவு போட்டு வா. வந்து பெட்டியைக்கூட இறக்காமல் என்னை நேருக்கு நேராகத் திட்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டு. உங்கப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் என்னைத் திட்ட ஒருவரும் இல்லை.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நீண்ட காலம் நன்றாக இரு, உன் கை பட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகட்டும். வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு வாயாவது சாப்பிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா