அம்மிக்கல் கன்னியம்மா

அக்கா,

இன்று காலை வனத்துறை ஆள் வந்து உன் சந்தன மரத்தில் துளை போட்டுப் பார்த்தார். உள்கட்டை முற்றி வைரம் ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிறார்களாம். உதிர்ந்த தூளை என் உள்ளங்கையில் கொட்டினார். அப்போதுதான் நம் மரத்தின் வாசனையை முதன்முதலாக முகர்ந்தேன். இலையிலும் இல்லாமல் பூவிலும் இல்லாமல், இத்தனை வருஷம் உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. நீ பின்னால் நிற்கிறாய் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஆமாம், உரிமம் வந்துவிட்டது. மரத்தை வெட்டலாம், கட்டையை நம் இருளர் பெண்கள் குழுவே வைத்து அரைத்து விற்கலாம். வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் எவனோ கொடுத்த மட்டச் சந்தனத்தை விற்றுத் திட்டு வாங்கிய நமக்கு, சொந்தக் கட்டை! இதற்காகத்தானே அந்த ஆபீசுக்கும் இந்த ஆபீசுக்கும் அலைந்தாய். வந்தபோது வாங்கிக்கொள்ள நீ இல்லை.

மரம் பருக்கப் பருக்க உனக்குத் தூக்கம் போனது. "எவனாச்சும் அறுத்துகினு போனா, நம்மளத்தான் புடிச்சி உள்ள போடுவான்" என்பாய். உன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரம்தான். அது திருடு போனாலும் திருடர்கள் நாம்தான். அந்தப் பயத்தில் ஒருநாள், உடைந்த அம்மியில் பாதியைத் தூக்கிவந்து மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாய்.

"இன்னாக்கா இது?"

"நம்ம சாமி கன்னியம்மா. இனிமே எவன் கைய வைக்கிறான், பாக்கலாம்."

சிரித்த சிரிப்பில் உனக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா வெச்ச கல்லுடி. பர்மிஷன் வந்தா தூக்கி ஓரமா போட்டுட்டு வெட்டிக்கலாம்" என்றாய்.

ஓரமாகப் போடுகிற நிலையிலா இருக்கிறது இப்போது? ஒரகடம் கம்பெனி பஸ் நிற்கிற இடமாகப் பார்த்தா மரம் முளைக்க வேண்டும்! ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் கயிறு, துணி, எலுமிச்சம்பழம்.

துளை போட இடம் வேண்டும் என்று இன்று துணிகளை அவிழ்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற தென்காசிப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "எக்கா, எதுக்கு அவுக்கிய? வேலைய பெர்மனென்ட் ஆக்கணும்னு நேந்து கட்டுனதுக்கா." அது வெறும் அம்மிக்கல் என்று சொல்லாமல், அவள் துணியைப் பக்கத்து வேம்பில் கட்டிவிடுகிறேன் என்றேன்.

எல்லாவற்றுக்கும் அடியில், பட்டையை ஒட்டி, ஒரு நீலத் துணி. நீ கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனபோது கட்டின சேலையின் கரை. முடிச்சும் உன் முடிச்சுதான், இழுக்க இழுக்க இறுகுமே, அது. சும்மா வைத்த கல் என்று என்னிடம் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் போய் நீயே கட்டியிருக்கிறாய். எப்போது அக்கா? இருமலில் ரத்தம் வந்த பிறகா? உரிமத்தைக் கேட்டாயா, உயிரைக் கேட்டாயா? ஒன்றுதான் வந்திருக்கிறது.

நாளை ரம்பத்தோடு வருகிறார்கள். நம் பெண்கள் சந்தனம் அரைக்கப்போகிற கொட்டகையைக் கழுவிக் கோலமே போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல மாட்டேன். இந்தத் தொழில் இல்லையென்றால் அவர்களும் துடைப்பத்தைப் பிடிக்க அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். பிள்ளைகளின் துணிகளையெல்லாம் பக்கத்து வேம்பில் கட்டிவிட்டேன். உன்னுடையதை மட்டும் முடிச்சு அவிழாமல் கத்தரித்து, என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

கல்லை நானே தூக்கி ஓரமாக வைக்கிறேன், நீ சொன்னபடியே. அதற்கு முன்னால் ஒரு தடவை கும்பிட்டுக்கொள்கிறேன். சிரிக்காதே அக்கா.