சோத்து வேன்

12, செவ்வாய்
காலைலருந்து தூறல். ஸ்ட்ரைக் ஒன்பதாம் நாள். ஃபேக்டரிக்குள்ள நாங்க இருபத்தி மூணு பேர். மத்த எல்லாரும் வெளிய. நான் பெர்மனன்ட் ஆக இன்னும் ரெண்டு மாசம். இப்ப வெளிய நின்னா வேலை போச்சு. சேகர்கிட்ட சொன்னேன். மூணு வருஷமா ஒரே ரூம். "போ அன்வரு. ஆனா ரூமுக்கு வராத"ன்னான்.
படுக்கை பேக்கிங் அட்டை மேல. சோப்பு தீர்ந்துச்சு. பக்கத்துல படுக்கறவன் பேர்கூடத் தெரியாது.

13, புதன்
மதியம் சாப்பாட்டு வேன் கேட் கிட்ட வந்தப்போ மோட்டார் சைக்கிள்கள். ஏழோ எட்டோ. முகத்துல கர்ச்சீப். நான் மொட்டை மாடில. வேனைச் சுத்தி வளைச்சு, சாம்பார் அண்டாவை உருட்டி, சோறு முழுக்க ரோட்டுல. டிரைவர் முனியப்பா இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "பேடப்பா, வேணாம்பா, அன்னம்பா அது!" ஒருத்தன் கட்டையால மண்டையில ஒரே போடு.
பச்சைக் கட்டம் போட்ட சட்டை. ரம்ஜானுக்கு நான் சேகருக்கு எடுத்துக் கொடுத்தது.
ராத்திரிக்கு பிஸ்கட்.

14, வியாழன்
ஆபீசர் கூப்பிட்டார். "யாருன்னு தெரியுமா?"
"தெரியல சார்."


15, வெள்ளி
ஜும்மா போக முடியல. ஸ்டோர் ரூம்லயே தொழுதேன்.
முனியப்பா வந்தார். தலையில ஆறு தையல். சைக்கிள்ல ரொட்டி கட்டிட்டு, பின் கேட் வழியா. அடிச்சது யாருன்னு எங்கிட்ட கேட்டுட்டே நின்னார். "ஒனக்குத் தெரியும். மேலருந்து பாத்தே இல்ல?"
சொல்லிட்டேன்.
"அவனுக்கு நான் என்ன பண்ணேன்பா?" ரொட்டியை எங்கிட்ட நீட்டினார். "ஸ்டேஷன்ல நீ சாட்சி சொல்றியா?"
"சொல்றேன்."

16, சனி
வெயில். போலீஸ்கிட்ட எழுதிக் கொடுத்து கையெழுத்து போட்டேன். பத்து மணிக்கு சேகரைப் பிடிச்சாங்க. பதினொண்ணுக்கு ஆபீசர் பெர்மனன்ட் லெட்டர் நீட்டினார். இதுக்காகச் சொல்லல சார்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கை குலுக்கிட்டார்.
வெளிய எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

17, ஞாயிறு
போலீஸ் காவல் போட்டிருக்கு, போகலாம்னாங்க. துணி எடுக்க ரூமுக்குப் போனேன். வாசல்ல சேகர் அம்மா. ஊர்லருந்து முதல் பஸ்ல வந்திருக்காங்க. மடியில தூக்குப்போசில சோறு.
"அன்வரு, நீயாவது வந்தியே. பூட்டிக் கெடக்குது. சேகரு எங்கப்பா?"
டீ வாங்கிட்டு வரேன்மான்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. கடையிலயே உட்கார்ந்திருக்கேன்.