என் ஆம்ப் இரையவில்லை

சனிக்கிழமை, இரவு

கிட்டார் சத்தத்தைப் பெருக்க மலிவான ஆம்ப்தான் வாங்கினேன். அதற்காக ஒரு மண்டபமே சிரிக்கும்படி மைக்கில் சொல்வதா?

கிள்ளானில் இன்று கல்யாண விருந்து. எங்கள் குழுவில் நான் கிட்டார். ஆம்பைப் போட்டதுமே 'ஊங்' என்று ஒரே இரைச்சல். கிட்டார் கம்பிகளைத் தொட்டால் அடங்கியது, கையை எடுத்தால் மறுபடி ஆரம்பித்தது. அறிவிப்பாளர் சுரேஷைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க எக்ஸ்டென்ஷன் வயர்ல எர்த் இல்ல, அதான் இரையுது, வேற குடுங்க" என்றேன். அவன் அந்த வயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கை எடுத்து, "மன்னிக்கணும், நம்ம அக்காவோட ஆம்ப் கொஞ்சம் சீப் லா!" என்றான். ஒரே சிரிப்பு. மாப்பிள்ளையின் அப்பா பேசி முடிக்கும்வரை, குரைக்கிற நாயின் வாயைப் பொத்துவதுபோல் கம்பிகளைப் பொத்திக்கொண்டு நின்றேன். சாப்பிடும்போது ஓர் ஆன்டி வேறு, "நல்லதா ஒண்ணு வாங்கிக்கம்மா" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை. அதே ஆம்ப், அதே கிட்டார், அதே கேபிள். என் அறைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் சொருகி, சத்தத்தை அதே அளவுக்குக் கூட்டி, கம்பியிலிருந்து கையை எடுத்தேன். இரைச்சலே இல்லை! கைப்பேசியை ஆம்பின் முன்னால் வைத்து அந்த அமைதியை அப்படியே பதிவு செய்தேன். "நல்லா கேளுங்க தம்பி" என்று எழுதி சுரேஷுக்கு அனுப்பினேன்.

இப்போதுதான் பதில் வந்தது.

"அக்கா, வாய்ஸ் மெசேஜ்ல ஒண்ணுமே கேக்கல. உங்க போனும் சீப்பா?"